தேதி மறந்த தொலைக்காட்சி

"டீவி செத்துப் போச்சு தம்பி, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ" என்று கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து சின்னம்மா போன் பண்ணியபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. போய்ப் பார்த்தால் டீவி சாகவில்லை. அன்டெனா வழியாக வரும் நேத்ரா அலைவரிசை, கொஞ்சம் மணல் தூவியது மாதிரி இருந்தாலும், ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யூடியூப்பைத் திறந்தால் மட்டும் 'இணைய இணைப்பு இல்லை' என்றது. நெட்ஃபிளிக்ஸும் அதையே வேறு சொற்களில் சொன்னது. செயலிகளை ஏற்றுகிற கூகுள் கடையோ திறக்கவே மறுத்தது.

"வைஃபை ஃபுல்லா இருக்கு. போன்ல எல்லாம் வருது. இதுல மட்டும் வரமாட்டேங்குது" என்றார் சின்னம்மா.

முதல் நாள் பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்லை. வந்த பிறகுதான் இப்படி. பக்கத்து வீட்டுப் பையன் ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டிருக்கிறான். அதில் சரிவராமல், பாட்டுச் செயலி ஒன்றை அழித்துவிட்டு மறுபடி ஏற்றப் பார்த்திருக்கிறான். அழிக்க முடிந்தது, ஏற்ற முடியவில்லை. ஒரு கடையில் விசாரித்ததற்கு, பார்க்காமலேயே 'போர்ட் போயிருக்கும்' என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கண்ணில் பட்டது திரையின் வலது மூலை. அங்கே சின்னதாக ஜனவரி 1 என்று இருந்தது. அமைப்புகளுக்குள் போனால் வருடம் 2015. ரிமோட்டால் அன்றைய தேதியைப் போட்டேன். யூடியூப் வந்தது, நெட்ஃபிளிக்ஸ் வந்தது, கடை திறந்தது, பையன் அழித்த பாட்டுச் செயலியும் திரும்ப ஏறியது. இரண்டு நிமிட வேலை. தேத்தண்ணி குடிக்க அதைவிட அதிக நேரம் எடுத்தது.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? செயலி ஒன்று தன் நிறுவனத்தின் கணினியோடு பேசத் தொடங்குமுன், எதிரில் இருப்பது உண்மையிலேயே அந்த நிறுவனம்தானா என்று சோதிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் பெயர் இருக்கும், சான்றளித்தவரின் கையொப்பம் இருக்கும், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற இரண்டு தேதிகளும் இருக்கும். இந்தக் காலக்கெடு வரவரச் சுருங்கி வருகிறது. 2020 செப்டெம்பருக்குப் பிறகு பொது இணையத்தளச் சான்றிதழ் எதுவும் 398 நாளுக்கு மேல் செல்லக்கூடாது என்று ஆனது. 90 நாள் சான்றிதழ்கள் இப்போது சர்வசாதாரணம். ஆகவே சின்னம்மாவின் டீவி பார்த்த சான்றிதழ் அநேகமாகச் சில வாரங்களுக்கு முன் பிறந்தது. டீவியோ 2015இல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ்காரரிடம் பத்து வருடம் கழித்து வழங்கப்படப் போகும் அடையாள அட்டையைக் காட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. டீவி தன் கடமையைச் சரியாகவே செய்தது. 'உன் கடிகாரத்தைப் பார்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'இணைப்பு இல்லை' என்று எழுதிவைத்தவர்களைத்தான் நான் கோபித்துக்கொள்வேன். அந்த ஒரு வரியால் எத்தனை வீடுகளில் நல்ல ரவுட்டர் மாற்றப்பட்டிருக்கிறதோ!

அடுத்த கேள்வி, அது ஏன் தேதியை மறந்தது என்பது. மேசைக் கணினியின் உள்ளே காசு அளவில் ஒரு பெட்டரி இருக்கும். மின்சாரம் போனாலும் கடிகாரத்தை அது ஓட்டும். பல டீவிகளில் அது கிடையாது. மின் திரும்பியதும் தொழிற்சாலைத் தேதியிலிருந்து எழும்பி, வெளியே யாரிடமாவது மணி கேட்டுக்கொள்ளும். கேட்பதற்கு இரண்டு இடம் உண்டு: இணையம், ஒளிபரப்பு. சின்னம்மாவின் டீவியில் யாரோ 'ஒளிபரப்பிலிருந்து நேரத்தை எடு' என்பதைத் தெரிவு செய்திருந்தார்கள். டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தோடு நேரமும் ஒரு சிறு அட்டவணையாக வரும். இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது உண்மை. ஆனால் சின்னம்மா வீட்டுக் கூரைக்கு வருவது அனலொக் அலை. அதில் மணி வருவதில்லை. டீவி கூரையைப் பார்த்துக் காத்திருந்தது, கூரை வாயே திறக்கவில்லை.

அந்தக் கூரை அன்டெனாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் கண்டியில் டீவியைப் பற்றி எழுத முடியாது. நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1979 ஏப்ரலில் கொழும்பில் தொடங்கியது. மலைநாட்டுக்கு டீவி வந்தது 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான். அதன் ஒளிபரப்புக் கோபுரத்தை நாட்டின் மிக உயரமான மலையிலேயே, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதாலகாலையில், வைத்தார்கள். கண்டியிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீற்றர். அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினால் கண்டிக்குத் தெளிவாக வராதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்டி வாவிக்கரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். அங்கிருந்து பிதுருதாலகாலை உச்சிக்குக் கயிறு கட்டினால், முதல் மூன்று கிலோமீற்றரில் கயிறு 175 மீற்றர் அளவுதான் ஏறியிருக்கும். நகரத்தின் தெற்குப் பக்கத்து மலைகள் அதைவிட உயரம். கயிறு மண்ணில் முட்டும். அலையும் அப்படித்தான். மலை முகட்டில் வளைந்து வரும் மிச்சமும், வேறு மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும்தான் பள்ளத்து வீட்டுக்குக் கிடைக்கும்.

பழைய டீவியில் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னோர் ஆள் நிற்பாரே, அது இந்த எதிரொலி. அலை மூன்று கிலோமீற்றர் சுற்றி வந்தால் பத்து மைக்ரோ விநாடி பிந்தும். படத்தின் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய டீவிக்கு 52 மைக்ரோ விநாடிதான். எனவே நிழல் ஆள், நிஜ ஆளிலிருந்து திரையின் ஐந்திலொரு பங்கு தள்ளி நிற்பார். நாங்கள் சிறுவயதில் 'பேய்' என்று சொன்ன அந்த உருவத்தை ஸ்கேலால் அளந்து, எந்த மலையில் பட்டு வருகிறது என்று ஓரளவு ஊகித்திருக்கலாம். யாருக்குத் தெரியும் அப்போது! கூரையில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டீவி முன்னால் ஒருவர் என்று நின்று "கொஞ்சம் இடது... போச்சு போச்சு... அங்கேயே புடி" என்று கத்துவதுதான் எங்கள் அளவுமுறை. பிடித்து வைத்ததை மறுநாள் குரங்கு வந்து திருப்பிவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னபோது உலகம் சிரித்தது. கண்டியில் உடவத்தகலைக் காட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஃபைபர் வந்த பிறகு மலை மறைக்கிற பிரச்சினை போய்விட்டது. ஒளியிழை மலையைச் சுற்றிக்கொண்டு வரும். ஃபைபர் வராத இடத்தில் 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இனி டீவிக்குள் போவோம்.

ஸ்மார்ட் டீவி என்பது ஒரு பெட்டிக்குள் ஒட்டிவைத்த இரண்டு சாமான். ஒன்று திரை. நன்றாகப் பாவித்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைக்கும். மற்றது சிறிய கணினி. விலை குறைந்த டீவிகளில் அது ஒரு சாதாரண போனைவிட மெலிந்தது: ஒன்றோ ஒன்றரையோ ஜீபி நினைவகம், எட்டு ஜீபி சேமிப்பகம். ஐந்தாறு வருடத்தில் அதற்கு மூச்சு வாங்கும். திரைக்கும் அதன் மூளைக்கும் ஆயுள் ஒன்றல்ல. செயலிகளோடு நாம் படும் பாடு முக்கால்வாசி இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. வசதியுள்ள நாட்டில் ஐந்தாம் வருடம் டீவியையே மாற்றிவிடுவார்கள். இங்கே 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரத்தில் 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். ஓடுகிற திரையை யாரும் வெளியே வைக்க மாட்டோம்.

மூளையை ஆளும் மென்பொருள் எல்லா டீவியிலும் ஒன்றல்ல. கூகுளின் அன்ட்ரொய்ட் டீவி 2014இல் வந்தது, 2020இல் அதன் முகப்பு கூகுள் டீவி என்று மாறியது. சாம்சங் 2015இலிருந்து டைசன். எல்ஜி 2014இலிருந்து வெப்ஓஎஸ். இந்த வெப்ஓஎஸ்ஸின் கதை வேடிக்கையானது. பாம் என்ற நிறுவனம் 2009இல் போனுக்காகச் செய்தது அது. பாமை ஹெச்பி வாங்கியது, போன் வியாபாரம் படுத்தது, 2013இல் எல்ஜி அந்த மென்பொருளை வாங்கி டீவிக்குள் வைத்துவிட்டது. போனில் தோற்றது டீவியில் பிழைத்துக்கொண்டது. நமக்கு இதில் தெரியவேண்டியது, ஒவ்வொன்றுக்கும் செயலியைத் தனித்தனியாக எழுதவேண்டும் என்பது. மச்சான் வீட்டு டீவியில் இருக்கிற செயலி நம் வீட்டுக் கடையில் தேடினாலும் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொரு காரணம் நாடு. முதல் தடவை டீவியைப் போடும்போது எந்த நாடு என்று கேட்கும். டுபாயிலிருந்து சுமந்து வந்த டீவியில் அந்த ஊர்தான் பதிந்திருக்கும், கடையும் அந்த ஊருக்கான சாமான்களையே அடுக்கிக் காட்டும்.

செயலியை ஏற்றுவது என்றால் என்ன நடக்கிறது? அன்ட்ரொய்ட் செயலி ஒரு பொதி. 'ஏபிகே' என்று முடியும் அந்தக் கோப்பின் பெயரை 'ஸிப்' என்று மாற்றிக் கணினியில் திறந்து பாருங்கள், திறக்கும். உள்ளே நிரல் இருக்கும், படங்கள் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அறிக்கை இருக்கும். நான் யார், எனக்கு என்னென்ன வேண்டும், கமெரா வேண்டுமா, தொடுதிரை வேண்டுமா என்று செயலி தன்னைப் பற்றிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. கடை உங்களுக்கு ஒன்றைக் காட்டுமுன் இந்த வாக்குமூலத்தை வாசிக்கும். தொடுதிரை கட்டாயம் என்று எழுதியிருந்தால் டீவியில் காட்டாது.

குண்டசாலையில் ஒரு நண்பர் கடையைச் சுற்றிக்கொண்டு போனார். போன் செயலி ஒன்றின் பொதியை யாரோ கொடுக்க, அதைப் பென் டிரைவில் போட்டு, டீவியின் பின்னால் செருகி, 'அறியாத இடத்திலிருந்து ஏற்ற அனுமதி' என்பதைத் திறந்துவிட்டு, ஏற்றினார். 'ஏற்றப்பட்டது' என்று டீவி சொன்னது. முகப்புக்கு வந்து தேடினால் இல்லை. மறுபடி ஏற்றினார். மறுபடியும் 'ஏற்றப்பட்டது'. மறுபடியும் காணோம். டீவிக்குப் பேய் பிடித்துவிட்டதாக அவர் முடிவு கட்டிய கட்டத்தில்தான் நான் போனேன்.

விளக்கம் அந்த வாக்குமூலத்திலேயே இருக்கிறது. டீவிக்காக எழுதிய செயலி 'என்னை டீவி முகப்பில் வை' என்று ஒரு வரி சேர்த்திருக்கும். போனுக்காக எழுதியதில் அந்த வரி இருக்காது. முகப்பு அந்த வரி உள்ளவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தும். நண்பரின் செயலி உள்ளேதான் இருந்தது, அழைப்புப் பட்டியலில் பெயர் இல்லாத விருந்தாளி மாதிரி. அமைப்புகள், செயலிகள், எல்லாச் செயலிகளும் என்று போய்ப் பெயரைத் தேடி 'திற' என்று அமத்தினால் திறந்தது. திறந்து என்ன பயன்? படம் போன் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. ரிமோட்டின் அம்பு எதையும் அசைக்கவில்லை, ஏனென்றால் அது காத்திருந்தது விரலுக்கு. யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகியதும் வேலை செய்தது. நண்பர் இப்போதும் சோபாவின் கையில் மவுஸை உரசித்தான் படம் பார்க்கிறார்.

அவருக்கு இன்னொரு தலையிடியும் காத்திருந்தது. சில மாதம் கழித்து அந்தச் செயலி 'புதுப்பிக்கவும்' என்று கேட்டது. முறையான இடத்திலிருந்து புதிய பொதியை எடுத்து ஏற்றினால் 'ஏற்ற முடியவில்லை' என்றது. ஒவ்வொரு பொதியிலும் செய்தவரின் டிஜிட்டல் முத்திரை குத்தியிருக்கும். பழையதும் புதியதும் ஒரே முத்திரையாக இருந்தால்தான் அன்ட்ரொய்ட் பழையதன் மேல் புதியதை உட்கார விடும். முத்திரை மாறினால் விடாது. அதாவது, முதலில் யாரோ கொடுத்த பொதி அசல் நிறுவனத்தின் பொதியல்ல. யாரோ பிரித்து, எதையோ மாற்றி, தன் முத்திரையைக் குத்திக் கட்டியது. எதை மாற்றினார்கள்? அதுதான் கேள்வி. நண்பர் அதை அன்றே அழித்தார்.

பெட்டிகளின் கதை இதைவிட மோசம். பழைய டீவிக்குப் பின்னால் செருகும் மலிவுப் பெட்டிகள் எங்கும் கிடைக்கின்றன, அட்டையில் 'அன்ட்ரொய்ட்', '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அன்ட்ரொய்ட்டின் அடிப்படை நிரல் யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த நிரல். அதை எடுத்து ஒரு பெட்டிக்குள் போட கூகுளின் அனுமதி தேவையில்லை. ஆனால் அப்படிச் செய்தது அன்ட்ரொய்ட் டீவி ஆகாது, சான்றிதழ் பெற்றதும் ஆகாது. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பெட்டிக்குள் பாதுகாப்பான பூட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் உயர்தரப் படத்தை அனுப்பும். பூட்டு மென்பொருளில் மட்டும் இருந்தால் 480 கோட்டுப் படம்தான். 4கே என்று வாங்கிய பெட்டியில் பழைய டிவிடி தரத்தில் படம் பார்ப்பவர்கள் உண்டு.

தரம் போனால் போகட்டும். 2023இல் அமெரிக்காவின் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே தீநிரல் குடியிருக்கும் பெட்டிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 'பேட்பொக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதன் இரண்டாம் அவதாரம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளில் இருப்பதாக 2025 மார்ச்சில் சொன்னார்கள். அதே வருடம் ஜூனில் எஃப்பிஐ பொதுமக்களுக்கே எச்சரிக்கை விட்டது. 2024 செப்டெம்பரில் டொக்டர் வெப் என்ற ரஷ்ய நிறுவனம் கண்ட வேறொரு தீநிரல் 197 நாடுகளில் சுமார் 13 இலட்சம் டீவிப் பெட்டிகளில் இருந்தது. இவை உங்கள் படத்தைக் கெடுப்பதில்லை, பெட்டியும் நன்றாகவே ஓடும். உங்கள் வீட்டு இணைய முகவரியைத்தான் வாடகைக்கு விடும். எங்கோ ஒருவன் செய்யும் மோசடி, கண்டியில் ஒரு வீட்டு வரவேற்பறையிலிருந்து செய்தது போல் பதியும். மாதக் கடைசிக்கு முன்பே டேட்டா தீர்ந்துபோகிறது என்று முறைப்பாடு செய்யும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, "இந்தப் பெட்டி எங்க வாங்குனீங்க?"

சரி, முறையாக ஏற்றிய செயலிகளுக்கே வருவோம். வீட்டில் அடிக்கடி கேட்கிற குற்றச்சாட்டு, டீவி மெதுவாகிவிட்டது என்பது. அடுத்த வரி, 'எல்லாத்தையும் அழிச்சுப் பாத்துட்டேன்'. இங்கே நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். நினைவகம் சமையல்கட்டு மேசை, சேமிப்பகம் சாமான் அறை. மேசை சின்னது என்பதுதான் மெதுவுக்கு முதல் காரணம். சாமான் அறையிலிருந்து இரண்டு டப்பாவை வெளியே போட்டால் மேசை பெரிதாகாது. ஆனால் அறை கழுத்துவரை நிரம்பினால் வேறொன்று நடக்கும். டீவியின் சேமிப்புச் சில்லில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக, அழிப்பது பெரிய பெரிய தொகுதிகளாக. ஒரு சொல்லைத் திருத்த முழுக் கரும்பலகையையும் துடைக்கவேண்டிய வகுப்பு. வேறு வெற்றுப் பலகை இருந்தால் அங்கே எழுதிவிட்டு இதை ஆறுதலாகத் துடைக்கலாம். எல்லாப் பலகையும் நிரம்பியிருந்தால், இருப்பதை ஓரிடத்தில் பிரதி எடுத்து, துடைத்து, திரும்ப எழுதி என்று ஒரு பொத்தானை அமத்தியதற்குப் பத்து வேலை. அதனால் ஒரு ஜீபியாவது காலியாக விடுங்கள். அறை நிரம்பியதால் வந்த மெதுவு மட்டுமாவது அதில் குறையும்.

'தற்காலிகக் கோப்பை அழி', 'தரவை அழி' என்று இரண்டு பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது அழித்தால் ஒன்றும் போகாது, செயலி அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது அழித்தால் கடவுச்சொல் உட்பட எல்லாம் போகும். அந்தக் கடவுச்சொல்லை ரிமோட்டின் அம்பால் ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிற பாவம் உங்களைச் சேரும். கூடவே வந்த சில செயலிகளை அழிக்கவே முடியாது, முடக்கத்தான் முடியும். ரிமோட்டிலேயே ஒரு நிறுவனத்தின் பெயரில் பொத்தான் வைக்கும் பழக்கத்தை நெட்ஃபிளிக்ஸ் 2011இல் தொடங்கியது. இலங்கைக்கு அந்தச் சேவை வந்ததே 2016 ஜனவரியில்தான். சந்தா இல்லாத வீட்டிலும் கை தவறி அந்தப் பொத்தானில் பட்டுக்கொண்டேயிருக்கும்.

ரிமோட்டால் அணைத்தால் டீவி அணைவதில்லை, கண் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் அப்படியே ஓடும் கணினியின் மேசையில் எச்சில் தட்டுகள் சேரும். நம் வீடுகளின் பரம்பரை வைத்தியமான 'பிளக்கைக் கழட்டி மாட்டு' இங்கே விஞ்ஞானப்படி சரி, மின்சாரம் போனால் நினைவகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகும். ஒரே ஒரு சமயத்தில் மட்டும் கூடாது, அது டீவி தன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது. 2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7இலிருந்து, புதியதை இன்னொரு அறையில் முழுதாக எழுதி முடித்தபின் அங்கே குடிபோகும் முறை உண்டு. நடுவில் கரண்ட் போனால் பழைய அறை அப்படியே இருக்கும். எட்டு ஜீபி டீவியில் இரண்டு அறைக்கு இடம் ஏது? இருக்கிற அறையையே இடித்துக் கட்டும் டீவிகள் நிறைய. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு இருந்த நாட்டில், கரண்ட் நிலையாக இருக்கிற ஒரு காலை நேரம் பார்த்துப் புதுப்பிப்பதுதான் புத்தி.

எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் செயலிகள் ஒருநாள் கைவிடும். 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய பேச்சுமுறையை நிறுத்தியபோது, 2012க்கு முன் செய்த பல டீவிகளில் அந்தச் செயலி அடங்கியது. 2019 டிசெம்பரில் 2010, 2011ஆம் வருடத்துச் சில சாம்சங் டீவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. திரைகளுக்கு ஒன்றுமில்லை, எட்டு ஒன்பது வயதுதான். 2025 மார்ச் 9 அன்று நடந்தது நம் சின்னம்மா கதையின் மறுபக்கம். டீவியில் செருகும் கூகுளின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் வேலையை நிறுத்தின. உள்ளே பத்து வருடத்துக்குச் செல்லும் என்று வைத்த ஒரு சான்றிதழ் அன்று காலாவதியானது. அங்கே கருவியின் கடிகாரம் சரி, சான்றிதழ் கிழமாகிவிட்டது. சில நாளில் கூகுள் திருத்தம் அனுப்பியது. பதற்றத்தில் கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

செயலி ஒரு கதவு மட்டும், படம் இருப்பது வேறெங்கோ. 2022 ஏப்ரல் 3 அன்று நாட்டில் சமூக ஊடகங்களை முடக்கியபோது யூடியூப்பும் மாட்டியது. டீவியில் செயலி அசையாமல் இருந்தது, கதவுக்கு அப்பால் பாதை இல்லை. சாதாரண நாளில் அந்தப் பாதையில் என்ன வருகிறது? நெட்ஃபிளிக்ஸின் சொந்தக் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜீபி வரை, எச்டியில் 3 ஜீபி வரை, 4கேயில் 7 ஜீபி வரை. 4ஜி பெக்கேஜில் இருக்கிறவர்கள் செயலிக்குள் போய்த் தரத்தை ஒரு படி இறக்கினாலே மாதம் தாங்கும். சின்னம்மா வீட்டு 32 அங்குலத் திரைக்கு 4கே எதற்கு?

வருகிற வழியில் தாமதமும் உண்டு. அதைக் காதால் கேட்கலாம், கண்டியில் மட்டும் கேட்கக்கூடிய மாதிரி. எசல பெரஹெரா இரவில், பைரவகந்தைப் பக்கம் தலதா மாளிகையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி ஒரு வீட்டு மாடியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் கிளம்ப வேட்டு வைப்பார்கள். சத்தம் விநாடிக்கு 340 மீற்றர் அளவில் வரும், உங்கள் காதுக்கு மூன்று விநாடி. கூடத்தில் அன்டெனா டீவியில் அதே வேட்டு கிட்டத்தட்ட அதே நேரம், ஒன்றிரண்டு விநாடி முன்பின்னாக. அறைக்குள் பிள்ளைகள் செயலியில் நேரலை பார்க்கிறார்கள் என்றால் அங்கே வேட்டு வெடிக்க அரை நிமிடம்கூட ஆகலாம். செயலி படத்தை ஓடும் தண்ணீராக வாங்குவதில்லை, வாளி வாளியாக வாங்குகிறது. பரவலான முறை ஒன்றில் ஒரு வாளி ஆறு விநாடி, மூன்று வாளி கையிருப்பில் சேர்ந்த பின்தான் ஊற்றத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி. நடுவில் படத்தைச் சுருக்க, பிரதி எடுக்க, அனுப்ப என்று இன்னும் சில. கையிருப்பைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் வைஃபை ஒரு தடவை தும்மினால் படம் நின்றுவிடும். ஒரே வீட்டில் ஒரு வேட்டை மூன்று தடவை கேட்டபடி தேத்தண்ணி குடிப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

டீவியும் நம்மைப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடுவது எது என்று சில புள்ளிகளை வைத்து அடையாளம் கண்டு தயாரிப்பாளருக்கு அனுப்பும் வசதி பல டீவிகளில் இருக்கிறது. 1 கோடியே 10 இலட்சம் டீவிகளில் கேட்காமல் அதைச் செய்ததற்காக அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 2017இல் 22 இலட்சம் டொலர் கட்டியது. அமைப்புகளில் 'பார்வைத் தகவல்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அணைத்துவிடுங்கள்.

சின்னம்மாவின் டீவி அந்தத் தேதிச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடம் நன்றாக ஓடியது. பிறகு செயலிகள் ஒவ்வொன்றாக 'இந்தக் கருவிக்கு இனி ஆதரவில்லை' என்றன. திரையில் ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. சான்றிதழ் உள்ள ஒரு சிறு ஸ்ட்ரீமிங் குச்சியை வாங்கி எச்டிஎம்ஐ துளையில் செருகினேன். பழைய மூளைக்கு ஓய்வு, திரை அப்படியே. டீவியின் ரிமோட்டே குச்சியையும் ஆட்டுவித்தது, எச்டிஎம்ஐ கம்பியில் அதற்கென்றே ஓர் இழை இருக்கிறது. எல்லாம் சரி என்று வீட்டுக்குத் திரும்பினால் இரவே போன். படம் ஓடி ஓடி, நடுவில் தானாகவே அணைந்து எழும்புகிறதாம்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பிளக் பொயின்ட் குறைவு என்று குச்சிக்கான மின்சாரத்தை டீவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே நான்தான் கொடுத்திருந்தேன். பழைய யூஎஸ்பி துளை தருவது அரை அம்பியர். குச்சிக்கு வேலை கூடும்போது அதைவிட அதிகம் வேண்டும், கிடைக்காவிட்டால் மயங்கி விழும். பெட்டியோடு வந்த அடப்டரைச் சுவரில் மாட்டியதும் நின்றது.

"இதுல தேதி சரியா இருக்கா தம்பி?" என்றார் சின்னம்மா.

"இது நெட்ல இருந்து தானாவே எடுத்துக்கும் சின்னம்மா."

எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, திரையின் மூலையையும் அதையும் ஒருதரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.